சே அகெய்ன்

குடிகாட்டில் எங்கள் வீட்டு ஜன்னல்களைக் கடல்காற்று வந்தால் மூடிவிடுவோம். மற்ற ஊர்களில் அந்த நேரத்துக்குத்தான் திறப்பார்கள். எங்களுக்கும் கடலுக்கும் நடுவே ரசாயனத் தொழிற்பேட்டை இருந்தது. கிழக்கிலிருந்து வரும் காற்று அதைத் தாண்டித்தான் எங்களிடம் வரவேண்டும். சில நாள் அழுகிய முட்டை, சில நாள் நெயில் பாலிஷ், சில நாள் செத்த எலிமேல் பினாயில் ஊற்றியது போன்ற ஒன்று. கடைசியில் சொன்னது வந்தால் அம்மா சோற்றுப் பானையைத் துணி போட்டு மூடுவாள். சோற்றில் அந்த வாசனை ஏறாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அருவருப்பு எனக்குச் சிறுவயதிலிருந்தே சுலபமாக வரும் உணர்ச்சி. கோபம் அப்படி வராது, அழுகையும் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் எழுதப்போவது ஒரு பொழுதுபோக்கைப் பற்றி. அதில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைக்கூட இந்த உணர்ச்சி வழியாகத்தான் என்னால் சொல்ல முடிகிறது.

2004-ல் அண்ணாமலை நகரில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கச் சேர்ந்தேன். தினமும் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். அடுத்த வருடம் படிப்புக்கென்று வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வகுப்புத் தோழி கொடுத்த காப்பி சிடி ஒன்றில் விமானம் ஓட்டும் மென்பொருள் இருந்தது. விளையாட்டு என்று நினைத்துத்தான் போட்டேன். சுடுவதற்கு எதுவும் இல்லை, மதிப்பெண் இல்லை, ஜெயிப்பது தோற்பது இல்லை. ஒற்றை இன்ஜின் கொண்ட சின்ன விமானம் ஒன்று ஓடுபாதை ஓரத்தில் நின்றது. அதைக் கிளப்புவதற்குமுன் செய்யவேண்டியவை ஒரு பக்கத்துக்கு இருந்தன. எரிபொருள் வால்வு திறந்திருக்கிறதா, காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலக்கிறதா, பேட்டரி போட்டாயிற்றா, இறக்கையின் மடல் எந்த நிலையில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் பார்த்து, சரி செய்து, பிறகு அடுத்ததற்குப் போகவேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் விமானம் திட்டாது, கேலி செய்யாது. கிளம்பாது, அவ்வளவுதான். இப்படி ஒரு பொருளோடு பழகுவது எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது.

புதுச்சேரியில் கிளம்பி, கடலை இடப்பக்கம் வைத்துத் தெற்கே வந்தால் கடலூர் வரவேண்டும். வராது. அந்த மென்பொருளின் உலகத்தில் கடலூர் என்ற ஊரே கிடையாது. பச்சை நிலம், நீலக் கடல், இரண்டுக்கும் நடுவே வெளிறிய ஒரு கோடு. சிதம்பரத்துக் கோபுரங்கள் இல்லை. குடிகாடு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வயல். அதன்மேல் தாழப் பறந்து பார்த்திருக்கிறேன். புகைபோக்கி இல்லை, மதில் இல்லை, எங்கள் வீடும் இல்லை. அதற்காக எனக்கு வருத்தம் வரவில்லை. சுத்தமாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

திருச்சிக்குப் போவேன், மதுரைக்குப் போவேன். நிஜத்தில் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் இதிலும் ஆகும். நடுவில் எதுவும் நடக்காது. முள் நகர்கிறதா, எண்ணெய் அழுத்தம் சரியா, திசை விலகுகிறதா என்று வரிசையாகப் பார்த்து முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். இறங்கப்போகிற நேரத்தில் கரண்ட் போகும். யூபிஎஸ் கீச் கீச் என்று கத்தும். அது அணைவதற்குள் சக்கரத்தைத் தரையில் வைத்துவிட வேண்டும். அப்படி வைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பதில் ஒரு திருப்தி இருந்தது.

அப்பா அந்தத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் ஆபரேட்டர். பல வருடம் அங்கேயே இருந்ததில் அவருக்கு வாசனை என்பதே தெரியாமல் போயிருந்தது. கருவாட்டுக் குழம்பும் பாயசமும் அவர் மூக்குக்கு ஒன்றுதான். நான் விமானம் ஓட்டுவதை அவர் எட்டிப் பார்த்ததில்லை. பொண்ணு வீட்டில்தான் இருக்கிறாள், கம்ப்யூட்டரில் ஏதோ படிக்கிறாள் என்பது அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது.

எட்டிப் பார்த்தவர்கள் விருந்தாளிகள்தான். அவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். மோதிக் காட்டு.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. காடாம்புலியூரில் இருக்கும் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு மே மாதம் பலாப்பழத்தோடு வந்தார். கூடத்தில் பேப்பர் விரித்துப் பழத்தை அறுத்து, சுளையெடுத்துக் கொடுத்து, தானும் தின்று முடித்தவர், இன்ஜின் சத்தம் கேட்டு என் பின்னால் வந்து நின்றார். நான் அப்போது இறங்கிக்கொண்டிருந்தேன். அது மெதுவான வேலை. வேகத்தைக் குறைத்து, உயரத்தைக் குறைத்து, கடைசியில் மூக்கைக் கொஞ்சம் தூக்கி, சக்கரம் தொடும்வரை கையை அசைக்காமல் இருக்கவேண்டும். மாமா பொறுமையாகத்தான் பார்த்தார்.

"அவ்ளோதானா பாப்பா?"

"அவ்ளோதான் மாமா."

"எதுலயாவது வுட்டு மோதேன். எப்டி வெடிக்குதுன்னு பாக்கலாம்."

வெடிக்காது என்றேன். பின்னே எதற்கு இது என்று கேட்டுக்கொண்டே, விமானத்தைத் திருப்பும் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். பலாப்பாலும் சுளையின் பிசுக்கும் அப்படியே இருந்த கை. விமானத்தைக் கிளப்பி, வளைத்து, ஓடுபாதைக்குப் பக்கத்திலிருந்த கட்டடத்தில் கொண்டுபோய் இடித்தார். திரை அப்படியே நின்று, விமானம் சேதமடைந்தது என்று ஒரு வரி வந்தது. நெருப்பு இல்லை, புகை இல்லை. அவருக்கு ஏமாற்றம். இன்னும் சில தடவை வெவ்வேறு பக்கமாக இடித்துப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

நான் தொட்டபோது ஜாய்ஸ்டிக் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பலாப்பிசின் தண்ணீருக்குப் போகாது, எண்ணெய்க்குத்தான் போகும். எங்கள் பக்கத்தில் கத்திக்கும் அப்படித்தான், கைக்கும் அப்படித்தான். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா எனக்கு உதவி செய்வதாக நினைத்து, ஜாய்ஸ்டிக்கைத் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தேய்த்துத் துடைத்து வைத்திருந்தாள். பளபளவென்று இருந்தது. எண்ணெய் தண்டு வழியாக அடியில் இறங்கி, கையின் அசைவை மின்சாரமாக மாற்றும் பாகத்துக்குள் போயிருந்தது. அன்றிலிருந்து கையை எடுத்தால் விமானம் இடப்பக்கம் சாய ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தேன். உள்ளே எண்ணெயில் குழைந்த தூசி, ஓர் எறும்பு வரிசை, எப்படியோ நுழைந்திருந்த பலாச்சுளை நார் ஒன்று. அந்த நாரை இடுக்கியால் இழுத்தபோது எனக்குக் குமட்டியது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மாட்டினேன். சாய்வு முழுதாகப் போகவில்லை. எப்போதும் வலப்பக்கம் கொஞ்சம் அழுத்தியே ஓட்டப் பழகிக்கொண்டேன்.

படிப்பு முடிந்து, சிதம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் லேப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தேன். அதே பஸ், அதே ஆலப்பாக்கம், அதே புதுச்சத்திரம். லேபில் மாணவர்கள் முதலில் ரீடிங்கை எழுதிவிடுவார்கள். பிறகுதான் சர்க்யூட்டை மாட்டுவார்கள். போன வருடத்து நோட்டைப் பார்த்து எழுதுவதால் எல்லார் ரீடிங்கும் ஒன்றாக, போன வருடத்துத் தப்போடு இருக்கும். நான் அடித்துத் திருப்பிக் கொடுத்தால் துறைத்தலைவர் கூப்பிட்டு, ரொம்பக் கறாரா இருக்காதீங்கம்மா என்பார்.

வீட்டுக்குப் பிராட்பேண்ட் வந்தபிறகுதான் தெரிந்தது, என்னைப்போல் வீட்டிலிருந்து விமானம் ஓட்டுகிறவர்கள் உலகம் முழுதும் இருக்கிறார்கள், இணையத்தில் ஒரே வானத்தில் சேர்ந்து பறக்கிறார்கள் என்று. என் திரையில் தூரத்தில் தெரியும் புள்ளியை நிஜமாகவே யாரோ எங்கோ உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருப்பார்கள். தரையில் கன்ட்ரோலராக உட்காருகிறவர்களும் இருந்தார்கள். யார் முதலில் இறங்குவது, யார் சுற்றிக்கொண்டிருப்பது, யார் எந்த உயரத்தில் என்பதையெல்லாம் அவர்கள்தான் ஹெட்போனில் சொல்வார்கள். சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். சரியாகச் சொன்னாரா என்று கன்ட்ரோலர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். காதில் சரியாக விழவில்லையென்றால் விமானி 'சே அகெய்ன்' என்பார். உடனே மறுபடி சொல்லியாக வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. நிஜ விமானங்களிலும் இதே விதிதான்.

அந்த ஒழுங்கைக் கேட்டுக்கொண்டிருப்பதே எனக்குச் சுகமாக இருந்தது. நானும் கன்ட்ரோலர் ஆகவேண்டும், சென்னை நிலையத்தில் உட்காரவேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த வருடங்களில் நான் வேறெதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. வேலை நிரந்தரமாகுமா என்பதைக்கூட இதற்கு அடுத்துத்தான் வைத்திருந்தேன்.

அந்த இணைய வானத்தில் தமிழ்க்காரர்கள் குழு ஒன்று இருந்தது. சென்னை, கோயம்புத்தூர், துபாய், மஸ்கட் என்று சிதறியிருந்தவர்கள். என்னிடம் மைக் இல்லாததால் முதல் இரண்டு வருடம் எழுத்திலேயே பேசினேன். விமானிகளுக்கு விதி அதை அனுமதித்தது. என் கணக்கில் ஓர் இனிஷியலும் ஓர் எண்ணும் மட்டும் இருந்தன. ஆணா பெண்ணா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாக அது அவர்களுக்குப் படவில்லை. மச்சான் காத்து எப்டி இருக்கு, மச்சான் செம லேண்டிங், டேய் மச்சான் ரன்வே தப்புடா.

என்னை அதுவரை யாரும் மச்சான் என்று அழைத்ததில்லை. வீட்டு முறைப்படி அந்தச் சொல்லை நான் சொல்லத்தான் இடம் உண்டு, அதுவும் அத்தை பையன்களைப் பார்த்து. சொன்னால் சுற்றியிருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே நான் சொன்னது கிடையாது. இங்கே அந்தச் சொல்லின்மேல் அப்படி எதுவும் ஒட்டியிருக்கவில்லை. நன்றாக இறங்கினேன், அதனால் மச்சான். அது எனக்குப் பிடித்திருந்தது.

கன்ட்ரோலர் ஆவதற்கு எழுத்துத் தேர்வில் தேறினேன். அடுத்தது குரல் தேர்வு. சென்னை டவரில் நான் உட்காரவேண்டும், குழுவில் சிலர் விமானங்களில் வருவார்கள், சென்னையிலிருந்த பயிற்சியாளர் கவனித்து முடிவு சொல்வார். அவர் அதுவரை எனக்குப் பாடக் குறிப்புகளெல்லாம் அனுப்பி உதவியவர். மைக் வைத்த ஹெட்போன் வாங்கினேன். மின்வெட்டு இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குறித்தோம். ஜன்னலை மூடி, ஃபேன் சத்தம் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்திவிட்டு, வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் விமானம் அழைத்தது. பதில் சொன்னேன். ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம்: காற்றின் திசை, வேகம், ஓடுபாதை எண், இறங்கலாம்.

 அந்தப் பக்கம் யாரோ, பேசுவதற்கு அழுத்தும் பட்டனிலிருந்து கையை எடுக்காமலே, "டேய், பொண்ணுடா," என்றார். எல்லாருக்கும் கேட்டது.

விமானி திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருந்தேன். "சே அகெய்ன்," என்றார்.

சொன்னேன்.

"சே அகெய்ன்."

மறுபடி சொன்னேன். இந்தத் தடவை அவர் குரலுக்கு அடியில் சிரிப்பு இருந்தது. அடுத்த விமானமும் அதையே கேட்டது, கொஞ்சம் மெதுவாகச் சொல்லச் சொல்லி. அதற்கடுத்ததும் கேட்டது. விமானி கேட்டால் கன்ட்ரோலர் சொல்லியாகவேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வேறு எதையாவது கேட்டிருந்தால் நான் மைக்கை அணைத்திருப்பேன். உயிர் போகக்கூடாது என்பதற்காக வைத்திருக்கும் ஒரு சொல்லை எடுத்து, என்னைத் திரும்பத் திரும்பப் பேசவைத்துக் கேட்பதற்கு வைத்துக்கொண்டார்கள். நான் இறங்கலாம், இறங்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாரோ எச்சில் விழுங்கும் சத்தம் காதுக்குள் கேட்டது. ஹெட்போனின் பஞ்சு ஈரமாக இருந்தது. என் வியர்வைதான். ஆனாலும் அதைக் கழற்றி எறியவேண்டும் போல் இருந்தது.

இதற்குள் இரண்டு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மிகவும் நெருங்கி வந்துவிட்டன. இறங்கிய முன்னதை ஓடுபாதையை விட்டு விலகச் சொன்னேன். சே அகெய்ன். பின்னதை இறங்காமல் மேலே போகச் சொன்னேன். "சே அகெய்ன். அப்டியே பேரையும் சொல்லு." ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது. நிஜ நிலையமாக இருந்தால் அந்த நேரத்தில் தீயணைப்பு வண்டி ஓடவேண்டும். அவர்கள் கைதட்டினார்கள்.

பயிற்சியாளர் அப்போதுதான் பேசினார். சிரிக்கவில்லை, சிரித்து முடித்தவரின் குரலாக இருந்தது.

"பாஸ். இந்த வாய்ஸுக்கே பாஸ் போடலாம். இனிமே பாரு, சென்னைல டிராபிக் ஜாஸ்தியாயிடும்."

தேர்வு முடிந்தது. என் கணக்கில் எண்ணுக்குக் கீழே கன்ட்ரோலர் என்று வந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் செய்திகள் வந்து குவிந்தன. பழக்கதோஷத்தில் வகை பிரித்தேன். போன் நம்பர் கேட்டவர்கள், போட்டோ கேட்டவர்கள், நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு நம்பர் கேட்டவர்கள். இரண்டு வருடம் என்னோடு காற்றையும் மேகத்தையும் பற்றி மட்டுமே பேசிய மஸ்கட்காரர் இப்படி எழுதியிருந்தார்: "இவ்ளோ நாளா நான் உன்ன மச்சான்னு கூப்ட்டேன். இனிமே நீ என்ன மச்சான்னு கூப்புடு." பக்கத்தில் கண்ணடிக்கும் பொம்மை.

அதே சொல்தான். அவர் என்னை அழைத்தபோது அதற்கு நீயும் நானும் ஒன்று என்று பொருள் இருந்தது. நான் அவரை அழைக்கவேண்டும் என்று கேட்கும்போது, எங்கள் வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் சிரிக்கும் அந்தச் சிரிப்பு முழுதும் அதில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே மத்தியானத்தில் முறைப்பையன் ஆகிவிட்டார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போய்ப் பல் துலக்கினேன். ஏனென்று தெரியவில்லை, அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது என் வாயிலிருந்து வந்ததை என்பதால் இருக்கலாம்.

ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவிடம் பாதியைத்தான் சொன்னேன். பரீட்சையில் இரண்டு விமானம் மோதிவிட்டது, அதைப் பார்க்காமலே பாஸ் போட்டுவிட்டார்கள் என்று.

"குடுத்தாங்கல்ல, வாங்கி வெச்சுக்க," என்றார் சோற்றைப் பிசைந்துகொண்டே. "எங்க பிளான்ட்ல மட்டும் பாத்துட்டா டிக் அடிக்கிறோம்? மணிக்கொரு தபா வால்வப் பாக்கணும். எவன் பாக்கறான்? ஷிப்ட் முடியறப்ப உக்காந்து வரிசையா அடிச்சிட்டு வந்துனே இருப்போம்."

"வாசன வந்தா?"

"எனக்குதான் வாசன தெரியாதே பாப்பா."

சிரித்துக்கொண்டு சொன்னார். அப்பாமேல் எனக்குப் பிரியம் அதிகம். ஆனால் அன்று அந்தத் தட்டுக்கு எதிரே என்னால் உட்கார முடியவில்லை. ஜன்னலை மூடிக்கொண்டு இத்தனை வருடம் நாங்கள் மூச்சில் இழுத்ததெல்லாம் யாரோ உட்கார்ந்து வரிசையாக அடித்த டிக்குகள் என்று தோன்றியது. இப்போது என் எண்ணுக்குக் கீழேயும் அப்படி ஒன்று விழுந்திருந்தது.

மறுநாள் கல்லூரியிலிருந்து வந்ததும், வெளிநாட்டில் இருந்த தலைமைப் பயிற்சிப் பிரிவுக்கு எழுதினேன். நடந்தவற்றை மட்டும், நடந்த வரிசையில். விமானங்கள் அழைத்தன, நான் அனுமதி கொடுத்தேன், ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை, ஓடுபாதையில் இரண்டு மோதின, முடிவு தேர்ச்சி. இந்தத் தேர்ச்சியை ரத்து செய்து வேறொருவரை வைத்துத் தேர்வு நடத்தவேண்டும். குரலைப் பற்றியும் சிரிப்பைப் பற்றியும் எழுதவில்லை. எழுதினால் அதையும் யாரோ ஒருவர் ரசித்துப் படிப்பார் என்று தோன்றியது.

ரத்து செய்தார்கள். பயிற்சியாளருக்குச் செய்தி போயிருக்கவேண்டும். பாஸ் போட்டதற்கா கம்ப்ளெயின்ட், எவ்வளவு திமிர் என்று கேட்டு எழுதினார். குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். மஸ்கட்காரர் கடைசியாக ஒரு செய்தி அனுப்பினார். அதில் என்னை மேடம் என்று அழைத்திருந்தார். இரண்டு வருடத்தில் நான் மச்சானாகி, முறைப்பெண்ணாகி, மேடமாகிவிட்டேன். என் லேண்டிங் மட்டும் அதேதான்.

சில வாரம் கழித்து மறுதேர்வு நடந்தது. தேர்வாளர் வேறு நாட்டுக்காரர். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வந்த விமானிகளும் எனக்குத் தெரியாதவர்கள். நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள், இறங்கினார்கள், நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். முடிவு எழுத்தில் வந்தது. தேறவில்லை.

காரணங்களைக் கொடுத்திருந்தார். வேகமாகப் பேசுகிறேன். ஒரு விமானத்தைப் புறப்படச் சொல்வதற்குமுன் ஓடுபாதை காலியா என்று பார்க்கவில்லை. இன்னொரு விமானி உயரத்தைத் தவறாகத் திருப்பிச் சொன்னார். நான் சரி என்றேன்.

கடைசியில் இருந்தது தேர்வுக்காக வேண்டுமென்றே வைத்த தவறு. என்னிடம் பதிவு இருந்தது, போட்டுக் கேட்டேன். இரண்டாயிரம் அடி என்று நான் சொல்கிறேன், மூவாயிரம் அடி என்று அவர் சொல்கிறார். அத்தனை தெளிவாகச் சொல்கிறார். யாருக்கும் கேட்கும். அந்த இடத்தில் என் காது எண்ணைக் கவனிக்கவேயில்லை. அந்தக் குரலுக்கு அடியில் சிரிப்பு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையில் மிச்சமாக என்னிடம் தங்கியது இதுதான். அதை நினைத்தபோதும் குமட்டியது. ஆனால் அந்த முடிவுத் தாளை மறுபடி வாசித்தேன். ஒவ்வொன்றும் நான் செய்த தவறு. நான் செய்யாத எதற்காகவும் அதில் ஒரு வரி இல்லை.

அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்றார். பெயில் என்றேன்.

"பாஸ வுட்டுட்டு, பெயில் வாங்கினு வந்துருக்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டருக்கு முன்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "எதுல போச்சு?"

படித்துக் காட்டினேன். கடைசியில் இருந்ததை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அவன் தப்பா சொன்னது உனுக்குக் கேக்கலயா?"

"கேட்டுதுப்பா. வேற ஒன்ன எதிர்பாத்துகினு இருந்தேன்."

அது என்ன என்று அவர் கேட்கவில்லை. 

"அடுத்தது எப்போ?"

"அடுத்த மாசம்."

"அதுக்குள்ள காத செரி பண்ணிக்க," என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். நான் ஹெட்போனை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மாட்டிக்கொண்டு, பதிவை முதலிலிருந்து ஓடவிட்டேன். குரல்களை விட்டுவிட்டு, எண்களை மட்டும் எழுதிக்கொண்டே வந்தேன்.